பச்சை வலையும் நான்கு வண்ணக் கண்ணும்

தீனி டப்பாவைக் கையில் எடுத்தால் போதும், தொட்டியிலுள்ள மீன்கள் எல்லாம் முன்பக்கக் கண்ணாடியில் வந்து முட்டும். அதே கையில் ஒரு சின்ன வலையை எடுத்தால் ஒன்றைக்கூடக் காணோம். கல்லுக்குப் பின்னால் இரண்டு, செடிக்குள் மூன்று, வடிகட்டிக் குழாயின் மறைவில் ஒன்று. நோய் பிடித்த ஒரே ஒரு மீனைத் தனியாக எடுத்து வைக்கலாம் என்று தொடங்கிய வேலை, செடிகளைப் பிடுங்கி, தண்ணீரைக் கலக்கி, கூடத்துத் தரையை நனைத்துவிட்டு முடியும். மீன் மட்டும் தொட்டியிலேயே இருக்கும்.

நான்கு சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு உயிர். ஓடி ஒளிய அதற்கு இருப்பதோ இரண்டடிக் கண்ணாடிப் பெட்டி. அப்படியிருந்தும் ஒவ்வொரு முறையும் அது எப்படி ஜெயிக்கிறது?

புதுச்சேரியில் வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த ஒதியம்பட்டில் மீன் வளர்ப்பவரைக் கேட்டாலும், சென்னைக் கொளத்தூரின் வண்ணமீன் கடைத்தெருவில் கேட்டாலும், பெரும்பாலும் மூன்று யோசனைகள் கிடைக்கும். முதலாவது, பச்சை வலை வாங்குங்கள், பாசி மாதிரி இருப்பதால் மீனுக்குத் தெரியாது. இரண்டாவது, இரவில் டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் சுற்றிக்கொண்டு பிடியுங்கள், மீனுக்குச் சிவப்பு தெரியாது. மூன்றாவதை அனுபவமுள்ள கடைக்காரர்கள்தான் சொல்வார்கள்: “வலைய ஆட்டாதீங்க தம்பி. உள்ள வச்சுட்டு சும்மா நில்லுங்க, அதுவா வரும்.”

இந்த மூன்று யோசனைகளும் மீனின் கண்ணைப் பற்றிய மூன்று ஊகங்கள். இவற்றில் ஒன்று பாதி சரி. ஒன்று நம் வீட்டுத் தொட்டி மீன்களுக்குப் பொருந்தாது. ஒன்று முழுக்கச் சரி. எது எது என்று பார்க்க, மீன் இருக்கும் தண்ணீருக்குள் இறங்கி, அதன் கண் இருக்கும் இடத்திலிருந்து வலையைப் பார்க்க வேண்டும்.

மீனுக்கு நிறம் தெரியுமா?

நூறு ஆண்டுகளுக்கு முன்பு இந்தக் கேள்விக்குப் பெரியவர்கள் சொன்ன பதில், தெரியாது என்பதுதான். ஜெர்மனியின் புகழ்பெற்ற கண் மருத்துவர் கார்ல் ஃபொன் ஹெஸ், மீன்கள் எந்த வெளிச்சத்தை நாடிப் போகின்றன என்று சோதித்தார். அவை கூடிய இடம், நிறமே தெரியாத ஒரு மனிதருக்கு மிகப் பிரகாசமாகத் தோன்றும் இடமாக இருந்தது. ஆகவே மீன்களுக்கு உலகம் கறுப்பு வெள்ளைதான் என்று அவர் முடிவு கட்டினார்.

மியூனிக்கில் இளம் ஆய்வாளராக இருந்த கார்ல் ஃபொன் ஃபிரிஷ் இதை ஏற்கவில்லை. பிற்காலத்தில் தேனீக்களின் நடனத்தை விளக்கி 1973இல் நோபல் பரிசு பெற்றவர் இவர்தான். 1910களில் அவர் சிறு நன்னீர் மீன்களுக்கு ஒரு குறிப்பிட்ட நிறத்தோடு சேர்த்துத் தீனி கொடுத்துப் பழக்கினார். பிறகு தீனியை நிறுத்திவிட்டு நிறத்தை மட்டும் காட்டினார். மீன்கள் அந்த நிறத்தை நோக்கி வந்தன.

எதிர்க்கட்சி உடனே கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. மீன் நிறத்தைப் பார்த்து வந்ததா, அல்லது அந்த நிறத்தின் வெளிர்மையையும் கருமையையும் பார்த்து வந்ததா? கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்புப் புடவை ஒருவகைச் சாம்பலாகத்தான் தெரியும். அந்தச் சாம்பலை மீன் மனப்பாடம் செய்திருக்கலாம் அல்லவா? ஃபிரிஷ் இதற்குக் கண்ட வழி எளிமையானது. வெள்ளையிலிருந்து கறுப்பு வரை பல படிகளில் சாம்பல் நிறங்களைப் பக்கத்தில் வைத்தார். நிறம் தெரியாத கண்ணுக்கு இவற்றில் ஏதாவது ஒன்று சிவப்போடு குழம்பியே தீரும். மீன்கள் குழம்பவில்லை.

இதை வீட்டிலும் செய்து பார்க்கலாம். ஒரு சிவப்பு மூடியையும், வெளிறியதிலிருந்து கறுத்தது வரை நான்கைந்து சாம்பல் மூடிகளையும் தொட்டிக்கு வெளியே கண்ணாடியில் ஒட்டுங்கள். சில வாரங்களுக்குச் சிவப்பு மூடியின் அருகில் மட்டும் தீனி போடுங்கள். நாள்தோறும் மூடிகளின் இடத்தை மாற்றுங்கள், இல்லாவிட்டால் மீன் இடத்தைக் கற்றுக்கொண்டு நிறத்தை விட்டுவிடும். பிறகு ஒருநாள் தீனி போடாமல் மூடிகளை மட்டும் மாற்றி ஒட்டிவிட்டுக் கவனியுங்கள். தங்கமீனுக்கு இந்தப் பரீட்சை கடினமே இல்லை.

மூன்று சாட்சி, நான்கு சாட்சி

கண்ணின் பின்சுவரில் விழித்திரை இருக்கிறது. அதில் மங்கிய வெளிச்சத்துக்குக் குச்சி செல்கள், பகல் வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் கூம்பு செல்கள். நம் கண்ணில் கூம்புகள் மூன்று வகை.

ஒரு கூம்பால் நிறம் சொல்ல முடியாது என்பதுதான் இங்கே வியப்பு. தன்மீது எவ்வளவு வெளிச்சம் பட்டது என்று மட்டுமே அது சொல்லும். ஊர்ப் பஞ்சாயத்தில் ஒவ்வொரு சாட்சியும் தான் நின்ற மூலையிலிருந்து கண்டதை மட்டும் சொல்ல, நாட்டாண்மை எல்லாவற்றையும் ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்வதுபோல, மூன்று கூம்புகளின் வாக்குமூலத்தை ஒப்பிட்டு மூளை தரும் தீர்ப்புதான் நிறம்.

ஒளியை அதன் அலைநீளத்தால் அளக்கிறோம். அளவுகோல் நானோமீட்டர், அதாவது ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு. ஊதா 400 அருகில், சிவப்பு 650க்கு அருகிலும் அதற்கு மேலும். நம் மூன்று கூம்புகளும் ஏறத்தாழ 420, 530, 560 நானோமீட்டரில் மிகக் கூர்மையாக உணர்கின்றன.

இப்போது கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஜீப்ரா மீனை எடுத்துக்கொள்வோம். உடம்பில் நீல வரிகள் ஓடும் இந்தச் சிறு மீன் நம் துணைக்கண்டத்துக்காரன். கங்கை வெளியின் ஓடைகளில் வாழும் அதற்கு, கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராக இருந்த ஃபிரான்சிஸ் ஹாமில்டன் 1822இல் வெளியிட்ட நூலில் அறிவியல் பெயர் கொடுத்தார். இன்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படுவதால், மீன்களின் கண்ணைப் பற்றி நமக்கு மிக விரிவாகத் தெரிந்திருப்பது இதன் கண்ணைத்தான். அதில் கூம்புகள் நான்கு வகை: ஏறத்தாழ 365, 415, 480, 570 நானோமீட்டர். முதல் கூம்பு உணர்வது புற ஊதாவை, அதாவது நமக்கு இருட்டாக இருக்கும் ஒளியை.

தங்கமீனுக்கும் நான்குதான். தனித்தனிக் கூம்புகள் எந்த ஒளியை உறிஞ்சுகின்றன என்று அளந்த தொடக்க ஆய்வுகளில் ஒன்று 1963இல் தங்கமீனின் கண்ணில்தான் நடந்தது. மனிதக் கூம்புகளை அதேபோல் அளந்தது அடுத்த ஆண்டு. அன்று தங்கமீனில் கண்டது மூன்று வகை. நான்காவதான புற ஊதாக் கூம்பு இருப்பது 1980களில்தான் உறுதிப்பட்டது. தங்கமீன் நான்கையும் ஒப்பிட்டு நிறம் பார்க்கிறது என்பதை ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டா நொய்மையர் 1992இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

சாட்சிகளின் எண்ணிக்கை கூடினால் ஏமாற்றுவது கடினமாகும். மொபைல் திரையில் மஞ்சள் புள்ளி என்று ஒன்றே கிடையாது. சிவப்புப் புள்ளியும் பச்சைப் புள்ளியும் சேர்ந்து ஒளிரும்போது நம் மூன்று கூம்புகளும் மஞ்சளுக்குச் சொல்லும் அதே வாக்குமூலத்தைச் சொல்கின்றன, நாம் ஏமாறுகிறோம். வேறு இடங்களில் நின்று பார்க்கும் நான்கு கூம்புகளுக்கு அந்த ஏமாற்று செல்லாமல் போகலாம். கடையில் வாங்கிய நைலான் வலையின் சாயப் பச்சையும், செடியின் இலைப் பச்சையும் நம் கண்ணுக்கு ஒன்றாக இருப்பதால் மீனுக்கும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. முதல் யோசனையின் பலவீனம் இதுதான். ஆனால் அதில் பாதி உண்மை எங்கே இருக்கிறது என்பதைப் பிறகு பார்ப்போம்.

கடலில் ஒரு வெளிச்சம், குளத்தில் ஒரு வெளிச்சம்

சிவப்பு டார்ச் யோசனை எங்கிருந்து வந்தது? தண்ணீர் சிவப்பை விழுங்கும் என்பது உண்மை. 1921இல் ஐரோப்பாவுக்குக் கப்பலில் போய்த் திரும்பிய சி. வி. ராமன், கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு மட்டும் என்ற பழைய விளக்கத்தை மறுத்து, தண்ணீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிப்பதைக் காட்டினார். நீல ஒளி அதிகம் சிதறுகிறது. சிவப்போ போகப்போக உறிஞ்சப்படுகிறது. சுத்தமான நீரில் 650 நானோமீட்டர் சிவப்பு ஐந்து மீட்டர் கடந்தால் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் மிஞ்சும். பத்து மீட்டரில் நூற்றில் மூன்று பங்கு. அங்கே வாழும் பல பவளப்பாறை மீன்களிடம் சிவப்பை உணரும் கூம்பு இல்லாததில் வியப்பில்லை. இல்லாத சரக்குக்கு யார் கடை வைப்பார்கள்? கடல் மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்குச் சிவப்பு டார்ச் கைகொடுப்பது இதனால்தான்.

ஒதியம்பட்டுக் குளத்துக்கு வருவோம். மழை பெய்து ஓய்ந்த பிறகு ஊசுட்டேரியிலோ பாகூர் ஏரியிலோ ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் மொண்டு பாருங்கள். வண்டல், பாசி, அழுகிய இலைகளின் சாறு எல்லாம் கலந்து பழுப்பும் பச்சையுமாக இருக்கும். இந்தக் கலவை முதலில் உறிஞ்சுவது சிவப்பை அல்ல, புற ஊதாவையும் நீலத்தையும். கொஞ்சம் கீழே போனால் மிஞ்சுவது மஞ்சளும் சிவப்பும் கலந்த வெளிச்சம். கடலின் கணக்கு இங்கே தலைகீழ்.

குளத்து மீன்களின் கண் இந்தத் தலைகீழ்க் கணக்கைத் தெரிந்து வைத்திருக்கிறது. கூம்புக்குள் ஒளியைப் பிடிக்கும் நிறமி, ஒரு புரதமும் வைட்டமின் ஏயிலிருந்து வரும் ஒரு சிறு மூலக்கூறும் சேர்ந்தது. முருங்கைக்கீரை கண்ணுக்கு நல்லது என்று பாட்டிமார் சொல்வதன் வேதியியல் இந்த இரண்டாவது பகுதிதான். நன்னீர் மீன்கள் பலவற்றில் இந்த வைட்டமின் சற்றே மாறிய வடிவில், ஏ2 என்ற வடிவில், இருக்கிறது. ஜார்ஜ் வால்ட் 1930களில் இதைக் கண்டறிந்தார். புரதம் மாறாமல் வைட்டமின் மட்டும் ஏ2வாக மாறினாலே, நிறமியின் உணர்ச்சி சிவப்புப் பக்கம் நகர்ந்துவிடும். இந்த மாற்றத்தைச் செய்யும் நொதி எது என்பது 2015இல் தெரியவந்தது.

ஐரோப்பிய விலாங்கு இதை ஆயுளுக்குள்ளேயே செய்து காட்டுகிறது. ஆற்றில் வளரும்போது சிவப்பை நன்கு உணரும் நிறமி. முட்டையிட ஆழ்கடலுக்குப் புறப்படும் காலத்தில் அதன் கண் நீலத்தின் பக்கம் மாறிக்கொள்கிறது.

கெண்டை இனத்தைச் சேர்ந்த தங்கமீனுக்கு ஏ2 உண்டு. அதன் சிவப்புக் கூம்பு மிகக் கூர்மையாக உணர்வது ஏறத்தாழ 625 நானோமீட்டரில். நம்முடையது 560. ஆக, நம் கண்ணுக்கு மங்கித் தெரியும் அடர்சிவப்பு தங்கமீனுக்கு நன்றாகவே தெரியும். சிவப்புத் தாள் சுற்றிய டார்ச்சோடு அதை நெருங்கும்போது இருட்டில் இருப்பது மீன் அல்ல, நாம்தான். ஜீப்ரா மீனின் சிவப்புக் கூம்பு அவ்வளவு தூரம் போகாவிட்டாலும் 570 என்பது நம்முடையதைவிடக் குறைவில்லை. நாம் காணும் சிவப்பை அதுவும் காணும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். வீட்டுத் தொட்டியில் தண்ணீரின் ஆழம் ஒரு அடி. அந்த ஆழத்தில் சிவப்பு ஒளி இழப்பது பத்தில் ஒரு பங்குதான். ‘தண்ணீருக்குள் சிவப்பு போகாது’ என்பது கடலுக்கான விதி, கண்ணாடித் தொட்டிக்கு அல்ல. இரண்டாவது யோசனையை இத்துடன் ஒதுக்கிவிடலாம்.

தலைக்கு மேலே ஒரு வட்டச் சன்னல்

நிறம் எப்படித் தெரிகிறது என்பதோடு, வலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதும் முக்கியம். தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்த்தால் நீர்ப்பரப்பு முழுவதும் வெளிச்சமாகத் தெரியாது. காற்றிலிருந்து நீருக்குள் நுழையும் ஒளி உள்நோக்கி வளைவதால், வெளியுலகம் முழுவதும் ஏறத்தாழ 97 பாகை அகலமுள்ள ஒரு கூம்புக்குள் அடங்கிவிடும். மீனின் கண்ணுக்கு இது தலைக்கு மேலே ஒரு பிரகாசமான வட்டம். அதற்கு வெளியே உள்ள நீர்ப்பரப்பு, அடிப்பக்கத்திலிருந்து பார்க்கும்போது, தொட்டியின் தரையைக் காட்டும் கண்ணாடியாகிவிடும். முழு அக எதிரொளிப்பு என்று பள்ளிப் பாடத்தில் படித்தது இதுதான்.

வட்டத்தின் விட்டம் மீன் இருக்கும் ஆழத்தைப்போல் இரண்டேகால் மடங்கு. ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் நீந்தும் மீனுக்கு 11 சென்டிமீட்டர் அகலச் சன்னல். 25 சென்டிமீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 57 சென்டிமீட்டர், அதாவது இரண்டடித் தொட்டியின் கிட்டத்தட்ட முழு நீளமும்.

இந்தச் சன்னல் கண்ணின் அமைப்பிலேயே பதிந்திருக்கிறது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் டாம் பாடன் குழுவினர், ஜீப்ரா மீன் இயற்கையில் வாழும் மேற்கு வங்க நீர்நிலைகளுக்கே வந்து, நீருக்குள் எந்தத் திசையில் எந்த நிறங்கள் இருக்கின்றன என்று அளந்தார்கள். கீழேயும் பக்கவாட்டிலும் நிறவளம் அதிகம். மேலே, சன்னல் பக்கம், வெளிச்சம் இருந்தது, நிறவேறுபாடு குறைவு. 2018இல் வெளியான அந்த ஆய்வில், முட்டையிலிருந்து வந்து சில நாட்களே ஆன குஞ்சுகளின் விழித்திரையும் அதே பங்கீட்டைக் காட்டியது. கீழேயும் பக்கவாட்டிலும் பார்க்கும் பகுதிகளில் நிறங்களை ஒப்பிடும் வேலை. மேலே பார்க்கும் பகுதியில் நிழலா வெளிச்சமா என்ற கேள்வி. இரை தென்படும் முன்-மேல் திசைக்கு மட்டும் புற ஊதாக் கூம்புகள் செறிந்த தனி வட்டாரம். நம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரிகள் புற ஊதாவில் ஒளிப்புள்ளிகளாக மின்னுகின்றன.

குஞ்சில் கண்ட இந்தப் பங்கீடு வளர்ந்த மீனிலும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் மேலே வெளிச்சம், கீழே நிறம் என்ற தண்ணீரின் கணக்கு மீனின் வயதைப் பார்த்து மாறுவதில்லை.

நொடியில் நூறில் ஒரு பங்கு

கண் கண்டதை உடம்பு எவ்வளவு வேகமாகச் செயலாக்குகிறது? மீனின் பின்மூளையில் வலம் ஒன்று இடம் ஒன்றாக இரண்டு மிகப்பெரிய நரம்புச் செல்கள் இருக்கின்றன. 1859இல் இவற்றை விவரித்தவர் வியன்னாவின் லுட்விக் மௌத்னர். அவர் பெயரால் இவை மௌத்னர் செல்கள். இடப்பக்கம் ஆபத்து என்றால் இடச் செல் ஒரே ஒரு துடிப்பை அனுப்பும். வலப்பக்கத் தசைகள் முழுவதும் ஒரே நேரத்தில் சுருங்கி, மீன் வில்லாக வளைந்து, எதிர்த்திசையில் பாயும். தண்ணீரில் திடீர் அதிர்வு ஏற்பட்டால் ஒரு நொடியின் நூறில் ஒரு பங்குக்குள் இந்த வளைவு தொடங்கிவிடும். ஒன்றைப் பார்த்து நம் கை அசைய ஏறத்தாழ ஐந்தில் ஒரு நொடி ஆகும். வேகப் போட்டியில் நமக்கு வாய்ப்பே இல்லை.

ஆனால் இந்தச் செல்லுக்கு ஒரு பழக்கம் உண்டு. நெருங்கி வரும் பொருள் கண்ணில் எவ்வளவு வேகமாக விரிகிறது என்பதைப் பொறுத்தே அது விழிக்கும். சட்டென்று பெரிதாகும் உருவத்துக்கு மௌத்னர் செல் பாயச் சொல்லும். மெல்ல விரியும் உருவத்துக்கு வேறு நரம்புகள் பொறுப்பேற்று, மீன் தாமதமாகவும் நிதானமாகவும் விலகும். நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது விலகல்தான்.

கண்ணை மறைத்தாலும் வலையை உணர இன்னொரு புலன் காத்திருக்கிறது. மீனின் உடம்பின் இருபுறமும் ஓடும் பக்கக்கோட்டு உறுப்பு, அருகிலுள்ள தண்ணீரின் அசைவை உணரும். வேகமாகத் தள்ளப்படும் வலை தனக்கு முன்னால் தண்ணீரையும் தள்ளுகிறது. எந்த நிறத்து வலையானாலும் அந்தத் தள்ளல் ஒன்றுதான்.

இரண்டடித் தொட்டியில் ஒரு மீன்

இனி எல்லாவற்றையும் சேர்த்து ஒரு மீனைப் பிடித்துப் பார்ப்போம். தொட்டி 60 சென்டிமீட்டர் நீளம், தண்ணீர் 30 சென்டிமீட்டர் உயரம். கீழே கறுப்புக் கூழாங்கல், பின்புறம் செடிகள், மேலே எல்இடி விளக்கு. பிடிக்க வேண்டியது ஒரு ஜீப்ரா மீன். கையில் 10 சென்டிமீட்டர் அகலமுள்ள பச்சை வலை.

முதல் சுற்றில் எல்லோரும் செய்வதைச் செய்வோம். மீன் தரைக்கு அருகில், 25 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. வலையை மேலிருந்து விர்ரென்று இறக்குகிறோம்.

அந்த ஆழத்தில் சன்னலின் அகலம் 57 சென்டிமீட்டர் என்று பார்த்தோம். எங்கே இறக்கினாலும் வலை பெரும்பாலும் சன்னலுக்குள்தான் இறங்கும், விளக்குக்கும் மீனின் கண்ணுக்கும் நடுவில். வலையின் மேற்புறத்தில் வெளிச்சம் கொட்டுகிறது, ஆனால் மீன் பார்ப்பது அடிப்புறத்தை. அடிப்புறத்துக்குக் கிடைப்பது கறுப்புக் கூழாங்கல்லிலிருந்து திரும்பும் சொற்ப ஒளி. ஆக, பளபளக்கும் வட்டத்தின் நடுவே மீன் காண்பது ஒரு நிழல். பச்சை வலையானால் நிழல், கறுப்பு வலையானால் நிழல், வெள்ளை வலையானால் கொஞ்சம் வெளிறிய நிழல். கடையில் நிறம் பார்த்து வாங்கியதெல்லாம் வீண்.

அடுத்தது வேகம். வலை மீனுக்கு 20 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கும்போது அதன் கண்ணில் 28 பாகை அகலம் பிடிக்கிறது. 10 சென்டிமீட்டரில் 53 பாகை. ஐந்து சென்டிமீட்டரில் 90 பாகை, பார்வையில் கால் வட்டம். கை நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் இறங்கினால், 28 பாகை நிழல் 90 பாகையாக விரிய ஆகும் நேரம் 0.3 நொடி. மௌத்னர் செல்லுக்கு இதைவிடத் தெளிவான அழைப்பு வேண்டியதில்லை. அதே தொலைவை நொடிக்கு இரண்டு சென்டிமீட்டர் வீதம் கடந்தால் ஏழரை நொடி ஆகும்.

இரண்டாவது சுற்றில் இரண்டு வலைகள். முதல் வலையைத் தொட்டியின் ஒரு முனையில், வாய் உள்நோக்கி இருக்க, கீழ்விளிம்பு கூழாங்கல்லில் படியும்படி நிறுத்துகிறோம். ஒரு பக்கவிளிம்பு கண்ணாடியை ஒட்டியிருக்கட்டும். பிறகு எதையும் செய்யாமல் நிற்கிறோம். ஒளிந்த மீன்கள் வெளியே வந்து வழக்கம்போல் நீந்தத் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

இப்போது மீன் அந்த வலையைப் பக்கவாட்டில் பார்க்கிறது. நிறங்கள் நன்றாகத் தெரியும் திசை இது. வலையின் பின்னணி விளக்கு அல்ல, செடியும் கூழாங்கல்லும் தொட்டியின் பின்சுவரும். இங்கேதான் நிறம் வேலை செய்யும், பச்சை வலை யோசனையின் பாதி உண்மையும் இங்கேதான் இருக்கிறது. செடி அடர்ந்த மூலையில் பச்சை வலை பரவாயில்லை. கறுப்புப் பின்னணியில் கறுப்பு வலைதான் சிறந்தது, எந்த அலைநீளத்தையும் பெரிதாகத் திருப்பி அனுப்பாத வலையைப் பற்றி நான்கு கூம்புகளுக்கும் சொல்ல அதிகம் இல்லை. வெள்ளை வலை இங்கே பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

மறுகையில் இரண்டாவது வலை. அதைத் தொட்டியின் எதிர்முனையில் மேலிருந்து மெல்ல இறக்குகிறோம். இது மீனின் கண்ணில் படத்தான் வேண்டும், ஆகவே வெள்ளையாக இருந்தால் நல்லது. மெல்ல விரியும் உருவத்திலிருந்து மீன் பாயாமல் விலகும். விலகும் திசையில் அசையாத, பின்னணியோடு கலந்த முதல் வலை நிற்கிறது. மீன் அதன் வாய்க்குள் நுழைந்ததும் விளிம்பைக் கண்ணாடியோடு ஒட்டியபடியே மேலே நகர்த்தினால் போதும்.

துரத்தும் வலை தெரிய வேண்டும். பிடிக்கும் வலை தெரியக்கூடாது. ஒரே வலையைக் கொண்டு இரண்டு வேலையையும் செய்யப் பார்ப்பதுதான் நம் தோல்வியின் காரணம்.

இரண்டாவது வலைகூட வேண்டாம் என்றால் ஒரு வழி உண்டு. ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலின் கழுத்துப் பகுதியை வெட்டித் தலைகீழாக அதே பாட்டிலுக்குள் செருகி, உள்ளே கொஞ்சம் தீனி போட்டுத் தொட்டியில் படுக்க வையுங்கள். கிராமத்து வாய்க்காலில் மூங்கிலால் பின்னி வைக்கும் தூரியின் அதே தத்துவம்: நுழைவது எளிது, வழி கண்டு திரும்புவது கடினம். பாட்டில் கூடுதலாகத் தருவது ஒளிவு. காற்றில் பிளாஸ்டிக்கின் ஒரு பரப்பு தன்மீது விழும் ஒளியில் நூற்றில் ஐந்து பங்கைத் திருப்பி அனுப்பும், அதனால்தான் பாட்டில் பளபளக்கிறது. தண்ணீருக்குள் அது ஒரு பங்குக்கும் குறைவு. நிறமும் இல்லை, அசைவும் இல்லை, தண்ணீரைத் தள்ளுவதும் இல்லை. மீன் உள்ளே போனதும் மறக்காமல் எடுத்துவிட வேண்டும், குறுகிய பாட்டிலில் பிராணவாயு சீக்கிரம் குறையும்.

விளக்கை அணைத்தால்?

சிவப்பு டார்ச் தோற்றாலும், இரவில் மீன் பிடிப்பது எளிது என்ற அனுபவம் பொய்யில்லை. காரணம் நிறத்தில் இல்லை, மீனின் கண் வெளிச்சத்துக்குப் பழகும் விதத்தில் இருக்கிறது.

வெயிலில் நம் கண்மணி சுருங்கும், இருட்டில் விரியும். எலும்பு மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்படிச் சுருங்கும் கண்மணி இல்லை, மூடிக்கொள்ள இமையும் இல்லை. அதற்குப் பதில் அவற்றின் விழித்திரையே இடம் மாறுகிறது. பகலில் கூம்புகள் முன்னுக்கு வர, குச்சிகள் கருநிறமிக்குள் பின்வாங்கி ஒளிந்துகொள்ளும். இரவில் இது தலைகீழாகும். இந்த இடமாற்றம் முடியப் பல பத்து நிமிடங்கள் பிடிக்கும்.

ஆகவே விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்துச் சட்டென்று போட்டால், மீனின் குச்சி செல்கள் மறைவிடம் இல்லாமல் முழு வெளிச்சத்தில் மாட்டிக்கொள்ளும். தெளிவாகப் பார்க்கச் சிறிது நேரமாகும். அந்த நேரத்தில் தரையில் அசையாமல் கிடக்கும் மீனை மெல்ல அள்ளிவிடலாம். விளக்கின் நிறம் என்னவானாலும் பலன் இதுதான். ஆனால் திடீர் வெளிச்சத்தில் சில மீன்கள் மிரண்டு துள்ளி வெளியே விழும். ஜீப்ரா மீன் அந்த ரகம், மூடி இல்லாத தொட்டியில் இந்த முறை வேண்டாம்.

எந்த வலை வாங்கலாம்?

மூன்று யோசனைகளின் கணக்கையும் இப்போது முடித்துவிடலாம். சிவப்பு டார்ச், பவளப்பாறை மீன்களுக்கு. தங்கமீனும் கெண்டையும் ஜீப்ராவும் இருக்கும் தொட்டியில் அதற்கு வேலையில்லை. பச்சை வலை, பச்சைக்கு முன்னால் அசையாமல் நிற்கும்போது மட்டும். அசையாத வலை, எப்போதும்.

கடைகளில் பச்சையும் வெள்ளையுமாக வலைகள் தொங்குவதைப் பார்த்து, கடைக்காரரே அவற்றால் நொடியில் மீனை அள்ளுகிறாரே என்று தோன்றும். அவர் தொட்டியில் செடி இல்லை, கல் இல்லை. சிறிய வெறுந்தொட்டியில் நெருக்கியடித்து நிற்கும் மீன்களுக்கு வலை தெரிந்தாலும் போக இடமில்லை. அவருடைய வெற்றிக்கு வலையின் நிறம் காரணமல்ல. நம் வீட்டுத் தொட்டியில் செடியும் கல்லும் மறைவும் இருக்கின்றன, மீன் நலமாக வாழ அவை தேவை. அந்த நல்ல தொட்டிக்கு நாம் கொடுக்கும் விலைதான் இந்த ஓட்டப்பந்தயம்.

ஆகவே வலை வாங்கப் போகுமுன் கடையின் அலமாரியைப் பார்க்க வேண்டாம். வீட்டில் தொட்டியின் முன்னால் குனிந்து, மீன் இருக்கும் உயரத்தில் கண்ணை வைத்து, எந்த மூலையில் வலையை நிறுத்துவோம், அந்த மூலை என்ன நிறம் என்று பாருங்கள். அந்த நிறத்தில் ஒரு பெரிய வலை, துரத்துவதற்கு வெள்ளையில் ஒரு சின்ன வலை. மீதி வேலை பொறுமையினுடையது, அது எந்தக் கடையிலும் கிடைக்காது.